அத்தை தோற்ற காணும் பொங்கல்

நம் பள்ளிக்கூடத் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருத்தி கேட்டிருந்தாள்: "ஏய், நம்ம ஊர்ல ஒரு கொரியாக்காரி சண்டை போட்டாளே, ஞாபகம் இருக்குதா?" அதன் கீழே ஆளுக்கொரு கதை. ஒருத்தி அது கராத்தே என்றாள். இன்னொருத்தி போலீஸ் வந்தது என்றே எழுதிவிட்டாள்.

போலீஸ் வரவில்லை. அது கராத்தேயும் இல்லை. அந்த அம்மாள் கொரியாக்காரியும் இல்லை. நமக்கெல்லாம் கண்ணாடி போட்டும் ஊசியில் நூல் கோக்க முடியாத வயது வந்துவிட்டது. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் நீங்கள் என் ஞாபகத்தைத் தாராளமாக நம்பலாம். அவளோடு மோதியது என் அத்தை.

அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. எங்களோடுதான் இருந்தாள். படிக்கும் காலத்தில் மாவட்ட அளவில் கபடி ஆடியவள். பள்ளி முடிந்தது, ஆட்டமும் முடிந்தது. பிறகு கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனி ஒன்றில் லைனில் நின்றாள். ஒயர்களைப் பலகையில் வரிசைப்படுத்தி டேப் சுற்ற வேண்டும். நாள் முழுக்க நின்றபடி விரலால் மட்டும் செய்கிற வேலை. வீட்டுக்கு வந்ததும் உடம்பில் மிச்சமிருக்கும் பலத்தை என்ன செய்வதென்று தெரியாமல் கிணற்றில் தண்ணீர் சேந்திக்கொண்டே இருப்பாள். எங்கள் வீட்டுத் தொட்டி வழியாத நாளே கிடையாது.

அப்பா அந்தக் கம்பெனிப் பெண்களை ஏற்றி இறக்கும் ஷிஃப்ட் வேன் ஓட்டினார். அதற்கு முன்னால் வெளி மாநில லாரி. அம்மா வீட்டிலேயே தையல். எனக்குப் பதினோரு வயது.

எங்கள் மண்ணூர்ப் பக்கம் நிலமெல்லாம் கைமாறிக்கொண்டிருந்த காலம் அது. கடலை போட்ட கொல்லைகளில் சவுடு மண் கொட்டி மேடாக்கி, கம்பி வேலி போட்டு, கம்பெனி எப்போது வருமோ என்று விட்டு வைத்திருந்தார்கள். புதுத் தாரின் வாசனை சாப்பாட்டில்கூட அடித்தது. அந்த மழைக்காலத்தில்தான் பக்கத்து வீட்டு மாடிக்கு ஒரு கொரியா இன்ஜினியர் குடிவந்தார். மெஷின் பூட்ட வந்தவர். கூடவே அவர் மனைவி.

வந்த அன்று கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த பையன் அதை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். அந்தப் பெண் கீழே இறங்கி வந்தாள். அகலமான முகம், வெயிலில் சிவந்த கன்னம். சிலிண்டரை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள். குனிந்தாள், தோளில் ஏற்றினாள், படியேறிப் போய்விட்டாள். தண்ணீர்க் குடத்தோடு நின்ற அத்தை வாயைத் திறந்தபடி பார்த்தாள். மறுநாள் எங்கள் வீட்டுக் காலி சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு தெரு முனை வரைக்கும் நடந்தாள். மாடியிலிருந்து அந்தப் பெண் அதைப் பார்த்துவிட்டுக் கை தட்டினாள். அவர்கள் சிநேகம் அப்படித்தான் தொடங்கியது.

நாங்கள் அவளை மாடியக்கா என்று கூப்பிட்டோம். கொரியாக்காரி என்று யாராவது சொன்னால் மட்டும் கோபம் வரும். "கொரியா இல்ல. வூட்டுக்காரர் கொரியா. நான் மங்கோலியா," என்று நெஞ்சில் தட்டிக்காட்டுவாள். தமிழை எங்கள் தெருவிலேயே கற்றதால் அவள் பேச்சும் எங்கள் தெருப் பேச்சாகவே இருந்தது. எங்கள் தலைமை ஆசிரியர், மங்கோலியர் என்றால் முகலாயர்தான் என்று சொல்லிவிட்டார். அதனால் கொஞ்ச நாள் நாங்கள் அவளை அக்பர் வீட்டுப் பெண் என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

அவள் அண்ணன்மார்கள் மல்லர்கள். அவர்கள் ஊரில் வருடத்துக்கு ஒரு திருவிழா. மல்யுத்தம், வில் வித்தை, குதிரைப் பந்தயம் மூன்றும் நடக்கும். பெண்கள் அம்பு எய்யலாம், குதிரை ஓட்டலாம். மல்யுத்தம் மட்டும் கூடாது. ஜெயிக்கும் மல்லனுக்கு ராஜாளி, யானை, சிங்கம் என்று பட்டம் தருவார்களாம். அந்த ஊரில் யானையே கிடையாது. காஞ்சிபுரத்தில் முதல் தடவை யானையைப் பார்த்தபோது, "எங்க பெரிய அண்ணன் இதுதான்," என்று அதன் முன்னால் நெடுநேரம் அசையாமல் நின்றாளாம். அத்தை வந்து சொன்னாள்.

"நீ?" என்று அத்தை கேட்டிருக்கிறாள்.

"நான் ஜூடோ. ஸ்கூல்ல. எங்க ஊர் குஸ்தி மட்டும் எனக்கு இல்ல. அண்ணன் தொப்பி புடிச்சிகினு நிப்பேன்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்லியிருக்கிறாள்: "இங்க யாரும் வேணாம் சொல்லல."

முதல் ஷிஃப்ட் முடித்து அத்தை வந்ததும் இருவரும் அந்தச் சவுடு மேட்டுக்குப் போவார்கள். வேலியில் ஒரு ஓட்டை உண்டு, உங்களுக்குத் தெரியும். நான் பின்னாலேயே போவேன். மழையில் நனைந்த சவுடு மெத்தைபோல இருக்கும். விழுந்தால் வலிக்காது, ஆனால் உடம்பெல்லாம் மஞ்சள் அப்பிக்கொள்ளும். ஆட்டத்துக்குக் கோடு கிடையாது, நேரம் கிடையாது, எடைக் கணக்கும் கிடையாது. முழங்காலோ முழங்கையோ முதுகோ யாருக்கு முதலில் மண்ணில் படுகிறதோ அவர் தோற்றார். மாடியக்கா காலைக் கொக்கிபோல் மாட்டித் திருப்புவதைக் காட்டினாள். அத்தை கபடியில் கணுக்காலைப் பிடித்து வாரும் பிடியைக் காட்டினாள். யாரும் யாருக்கும் குரு இல்லை. ஒருத்தியை ஒருத்தி வீழ்த்திவிட்டு, எப்படி விழுந்தோம் என்று இருவரும் குந்தி உட்கார்ந்து யோசிப்பார்கள்.

இரண்டு முறை அத்தையின் சுடிதார் தோளில் கிழிந்தது. மூன்றாவது முறை அம்மா, "எங்க போயி வுழுற நீ?" என்று கேட்டாள். அத்தை சொல்லிவிட்டாள். அம்மா திட்டவில்லை. கிழிந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இந்தத் துணி தாங்காது," என்றாள்.

வேனுக்குப் புது சீட் போட்டபோது கழற்றிய கான்வாஸ் துணி பரணில் கிடந்தது. டீசலும் வேர்வையும் கலந்த வாசனை அதில் இருந்தது. அம்மா அதில் இரண்டு சட்டை தைத்தாள். ஊசிகள் உடைந்துகொண்டே இருந்தன. மாடியக்கா மண்ணில் படம் போட்டுக் காட்டினாள்: கை உண்டு, முதுகு உண்டு, வயிற்றில் கயிறு கட்ட வேண்டும், மார்புப் பக்கம் துணியே இல்லை.

"முன்னால இன்னா ஆச்சு?" என்று அம்மா கேட்டாள்.

மாடியக்கா கையையும் முகத்தையும் வைத்தே கதை சொன்னாள். எப்போதோ ஒரு மல்லன் வந்தான், எல்லோரையும் வீழ்த்தினான். கடைசியில் பார்த்தால் அது பெண். ஆண்களுக்கு அவமானம் தாங்கவில்லை. இனி எந்தப் பெண்ணும் வேஷம் போட்டு உள்ளே வரக் கூடாது என்று அன்றிலிருந்து மார்பைத் திறந்து சட்டை தைக்கிறார்கள்.

அம்மா தையல் மெஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "ஒருத்தி ஜெயிச்சதுக்கா ஒரு நாட்டு ஆம்பளைங்க அத்தினி பேரும் இத்தினி காலமா சட்டையத் தொறந்துகினு நிக்கிறாங்க?" என்றாள். பிறகு அந்த இரண்டு சட்டைகளுக்கும் முன்பக்கத்தில் துணியை இரட்டையாக மடித்து வைத்துத் தைத்தாள்.

பிரச்சினை மாடி வீட்டின் சொந்தக்காரம்மாவால் வந்தது. வேலிப்பக்கம் மாடு தேடிப் போன அந்த அம்மாள், பார்த்ததை அப்பாவிடம் சொல்லிவிட்டாள். "உன் தங்கச்சியும் அந்த சீனாக்காரியும் கட்டிப் பொரண்டுகினு கீறாங்க. அவ இதைக் கீழ போட்டு அமுக்கறா. கேக்க ஆளில்லையா?" அன்று மாலை அப்பா அத்தையின் கையைப் பார்த்தார். மணிக்கட்டுக்கு மேலே நீலமாக ஐந்து விரல். எதுவும் கேட்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு மாடியேறினார். நான் படியில் நின்று எட்டிப் பார்த்தேன்.

"எங்க வூட்டுப் பொண்ணு மேல கை வெச்சா இன்னா அர்த்தம் சார்?" என்றார் அப்பா.

அந்த இன்ஜினியர் பேசவே பேசாத மனிதர். தன் சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிக் காட்டினார். அங்கேயும் நீலமாக ஐந்து விரல். அத்தை வராத நாட்களில் மாடியக்கா அவரைத்தான் பிடித்துப் பழகியிருக்கிறாள். அப்பா அந்த விரல் தடத்தைக் குனிந்து பார்த்தார். அதற்குள் மாடியக்கா டீ கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு வாய் குடித்த அப்பா, முகம் மாறி, டம்ளரை வைத்துவிட்டு இறங்கிவிட்டார்.

"உப்பு போட்டு டீ குடுக்கிறா. வூடு தேடிப் போனவனை இப்படியா அசிங்கப்படுத்துவாங்க," என்று வீட்டில் கத்தினார்.

"அவங்க ஊர்ல டீல உப்புதாங்க போடுவாங்க," என்றாள் அம்மா. "உப்பு போட்டாங்கன்னா நல்லதுதானே. இனிமே அந்த வூட்டோட நீங்க சண்டை போட முடியாது."

அப்பா சண்டை போடவில்லை. ஆனால் அத்தைக்குத் தடை போட்டார். அத்தைக்கு இருபத்தாறு முடிந்திருந்தது. மறைமலை நகர்ப் பக்கத்திலிருந்து ஒரு வரன் பேசி வைத்திருந்தார். பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக இருந்தது.

"காணும் பொங்கலுக்கு ஆடப் போறோம்ணா. கமிட்டில பேரு குடுத்துட்டேன்," என்றாள் அத்தை.

"பொம்பளைங்களுக்குக் கோலம் கீது, ஸ்பூன்ல எலுமிச்சம்பழம் கீது. அதுல ஆடு."

"எலுமிச்சம்பழம் ஆடற வயசா எனக்கு?"

"மாப்ள வூட்டுக்காரங்க காதுக்குப் போச்சுன்னா?"

"போவட்டும். கேட்டுட்டே முடிவு பண்ணட்டும்."

அப்பா கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியே போனார். அதைக் கோபம் என்றுதான் அன்று நினைத்தேன். இன்று ஒரகடத்துக் கம்பெனிக்கு வேன் ஏறிப் போகும் மகள் எனக்கும் இருக்கிறாள். வேனில் போகிற பெண்களைப் பற்றி டீக்கடையிலும் கேட் வாசலிலும் ஆண்கள் பேசுவதை ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் காதில் வாங்கிக்கொண்டு ஓட்டியவர் அவர். அந்தப் பேச்சு தன் தங்கையின் மேல் விழுந்துவிடுமோ என்ற பயம் அது. அவர் அதைப் பயம் என்று சொல்லியிருந்தால் அத்தை ஒருவேளை உட்கார்ந்து கேட்டிருப்பாள். காணும் பொங்கலன்று காலையில், கம்பெனியில் கூப்பிட்டார்கள் என்று சொல்லி வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று எந்தக் கம்பெனியும் கூப்பிடவில்லை என்று ஊருக்கே தெரியும்.

சாயங்காலம் பள்ளிக்கூட மைதானம் நிறைந்திருந்தது. நீங்களெல்லாம் அங்கேதான் இருந்தீர்கள். கரும்புச் சக்கை, பலூன்காரனின் பீப்பி, வழுக்குமரத்து எண்ணெய் வாசனை. கபடி முடிந்ததும் மைக்காரர் பெண்கள் மல்யுத்தம் என்று அறிவித்தார். ஏதோ தமாஷ் என்று எல்லோரும் சிரித்தார்கள். வெளிநாட்டு அம்மாள் ஒருத்தி ஆடினால் விழாவுக்குக் களை என்று கமிட்டி ஒத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

இருவரும் கான்வாஸ் சட்டையோடு வந்து நின்றார்கள். அத்தை சட்டைக்கு உள்ளே சுடிதார் டாப்பும், தன் பழைய கபடி டிரவுசருக்குப் பதிலாக அப்பாவின் டிராக் பேண்ட்டும் போட்டிருந்தாள். மாடியக்கா இரண்டு கைகளையும் விரித்து, மெதுவாக ஒரு வட்டம் சுற்றினாள். அவர்கள் ஊரில் அது கருடன் பறக்கிற ஆட்டம். கருடன் என்பதற்கு அவர்கள் சொல்லும் பேரிலும் கருடன் இருக்கும். சிரிப்புக் கொஞ்சம் அடங்கியது. காஞ்சிபுரத்துக் கருடசேவை பார்த்த ஊர் அல்லவா.

ஆனால் பிடிப்பதற்கு முன் ஒரு முறை இருந்தது. ஒவ்வொரு மல்லருக்கும் ஒரு துணையாள் வேண்டும். மல்லரின் தொப்பியை வாங்கிக்கொண்டு, இவர் யார், என்ன பெருமை உடையவர் என்று கூட்டத்துக்கு உரக்கச் சொல்ல வேண்டும். அது இல்லாமல் மாடியக்கா பிடிக்க மாட்டாள். அவளுக்கு அந்த இன்ஜினியர் வந்து நின்றார். பேசாத மனிதர் தொப்பியைக் கையில் வாங்கி, தரையைப் பார்த்தபடி ஆரம்பித்து, போகப் போகக் குரலை உயர்த்திக் கொரிய மொழியில் ஏதோ சொன்னார். யாருக்கும் புரியவில்லை. ஆனால் மாடியக்காவின் கழுத்து நிமிர்ந்ததை எல்லோரும் பார்த்தோம்.

அத்தையின் பக்கம் யாரும் இல்லை. துணையாளாக நிற்கும்படி அப்பாவிடம் அவள் கேட்டிருந்தாள், அவர் வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வேனில் கூட வரும் தோழிகள் தரையைப் பார்த்தார்கள். மைக்காரர், "அண்ணன் எங்கம்மா? ஆள் வரலைன்னா அடுத்த போட்டிக்குப் போயிடலாமா?" என்றார். தொப்பிக்குப் பதிலாகக் கொடுக்க வைத்திருந்த துப்பட்டாவைக் கையில் சுருட்டியபடி அத்தை நின்றாள். அவள் மூக்கு நுனி சிவப்பதை நான் பார்த்தேன்.

அம்மா மடியில் இருந்த பொரிகடலைப் பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டு எழுந்தாள்.

அம்மா கூட்டத்தில் பேசி யாரும் கேட்டதில்லை. ரேஷன் கடை வரிசையில்கூடத் தன் முறையை யாராவது தட்டிப் பறித்தால் பேசாமல் நிற்பவள். மைதானத்தின் நடுவே போய் அத்தையின் துப்பட்டாவை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அவள் செருப்பையும் கையில் எடுத்துக்கொண்டாள். மைக்கை நீட்டினார்கள், வாங்கவில்லை.

"இது என் நாத்தனா," என்றாள். குரல் முதலில் எழும்பவில்லை. திரும்பச் சொன்னாள். "இது என் நாத்தனா. எனக்குப் புள்ள பொறந்த மூணாம் நாளு ஜன்னி கண்டுச்சு. வூட்டு ஆம்பளை லோடு ஏத்திகினு ஆந்திரா போயிருந்தாரு. அன்னிக்கு அடிச்ச மழைல ஓடை பெருகிடுச்சு, வண்டி வரல. அக்கம்பக்கத்து ஆம்பளைங்க தண்ணி வடியட்டும்னாங்க. இது என்னைத் தூக்கி முதுகுல போட்டுகினு, மாருக்கு மேல தண்ணில ஓடையத் தாண்டி ரோட்டுக்குக் கொண்டாந்து ஆஸ்பத்திரில போட்டுச்சு. அப்ப இதுக்கு வயசு பதினஞ்சு. அவரு கேட்டா மனசு ஒடஞ்சிடுவாருன்னு ரெண்டு பேரும் அவருகிட்டகூட சொல்லல. இத்தினி வருஷமா சொல்றதுக்கு எனக்கு ஒரு எடம் கெடைக்கல. இப்ப கெடைச்சிது, சொல்லிட்டேன். இதோட பலத்தைப் பத்தி இங்க யாரும் சிரிக்க வேணாம்."

யாரும் சிரிக்கவில்லை. பலூன்காரனின் பீப்பிகூட நின்றது. பிறந்த பிள்ளை நான்தான் என்று எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. அம்மா ஒதுங்கி நின்று, "ம், போ," என்றாள்.

பிறகு நடந்ததைத்தான் நீங்கள் கராத்தே என்கிறீர்கள். இருவரும் தோளோடு தோள் கோத்து, தலையோடு தலை முட்டி நின்றார்கள். வெகு நேரம் ஒன்றுமே நடக்காதது போலிருக்கும். பின்னங்கால் தசையைப் பார்த்தால்தான் நடப்பது தெரியும். அத்தை ஒரு முறை குனிந்து கணுக்காலை வாரினாள். மாடியக்கா ஒற்றைக்காலில் தத்தித் தத்தித் தப்பினாள். மைதானமே கத்தியது. மாடியக்கா இழுத்தாள், அத்தை வேர்விட்டது போல நின்றாள். கான்வாஸ் நறநறத்தது. ஒரு தையல்கூட விடவில்லை. கடைசியில் மாடியக்கா உடம்பைத் திருப்பி உள்காலைக் கொக்கி போட்டாள். அத்தை காற்றில் பாதி சுழன்று, கையை ஊன்றித் தப்பப் பார்த்தாள். வலது முழங்கால் மண்ணில் பட்டுவிட்டது.

தோற்றவர் ஜெயித்தவரின் கைக்கு அடியில் குனிந்து போக வேண்டும். அதுதான் அந்த ஆட்டத்தின் மரியாதை. மாடியக்கா கையை உயர்த்தினாள். "அடிப்பாவி, அவ கைக்குக் கீழவா?" என்று யாரோ பின்னால் சொன்னார்கள். அத்தை மூச்சு வாங்கச் சிரித்தபடி நன்றாகக் குனிந்து போனாள். பின்னாலேயே செருப்பும் துப்பட்டாவுமாக அம்மாவும் குனிந்து போனாள். துணையாள் போக வேண்டியதில்லை என்று அம்மாவுக்குத் தெரியாது. மாடியக்கா இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

அடுத்து யார் என்று மாடியக்கா சும்மா வேடிக்கையாகக் கேட்டாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தது யார் தெரியுமா? அப்பாவிடம் கோள் சொன்ன அதே வீட்டுக்காரம்மா. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "அந்தச் சட்டையக் கழட்டிக் குடுடி," என்று அத்தையைக் கேட்டாள். சட்டை அந்த அம்மாளின் பாதிக்குத்தான் வந்தது. மாடியக்கா இழுத்தாள், தள்ளினாள், கொக்கி போட்டாள். மாவரைக்கும் கல்லை அசைப்பது போலிருந்தது. சலித்துப்போன வீட்டுக்காரம்மா ஒரே ஒரு முறை முன்னால் சாய்ந்தாள். இருவரும் விழுந்தார்கள், மாடியக்கா அடியில். விசிலில் காது அடைத்தது. அதற்கப்புறம் இருட்டும் வரை பெண்கள் ஒருத்தி மாற்றி ஒருத்தி வந்துகொண்டே இருந்தார்கள். எலுமிச்சம்பழப் போட்டியை நடத்தக் கமிட்டிக்கு ஆள் கிடைக்கவில்லை.

ஒன்று உங்களுக்குத் தெரியாது. ஆட்டம் நடக்கும்போது என் பக்கத்தில் பச்சைப் பட்டு கட்டிய ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். "அது யார் வூட்டுப் பொண்ணும்மா?" என்று கேட்டார். நான் பெருமையாகச் சொன்னேன். "அடக்கமா இருக்குமா?" என்றார். "எங்க அத்தைய யாரும் அடக்க முடியாது," என்று சொல்லி அவருக்குப் பொரிகடலை கொடுத்தேன். அவர்தான் மாப்பிள்ளையின் அம்மா. பெண்ணை முன்கூட்டியே ரகசியமாகப் பார்த்துவிட்டுப் போக வந்தவர். ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை.

அப்பா வெகுநாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அத்தை அழவில்லை. அம்மாவும் மன்னிப்புக் கேட்கவில்லை. தட்டில் சோறு போடும்போது, "அன்னிக்கு நீங்க வந்து நின்னிருந்தா நான் ஏன் பேசப் போறேன்?" என்று மட்டும் கேட்டாள்.

மழை திரும்பி வருவதற்குள் மெஷின் வேலை முடிந்து மாடியக்கா போய்விட்டாள். தன் சட்டையைக் கொண்டுபோனாள். அத்தையுடையது, ஏரித் தண்ணீர் வந்த வருடத்தில் பீரோவோடு போனது. அத்தை கம்பெனியில் பெண்கள் கபடி அணி ஒன்றைத் தொடங்கினாள். சூப்பர்வைசர்களிடம் சண்டை போட்டு மைதானம் வாங்கினாள். அங்கே ஆட்டம் பார்க்க வந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர், ஹாஸ்டலில் தங்கியிருந்த ஃபிட்டர், வீட்டுக்கு வந்து பெண் கேட்டார். "எங்க ஊர்ல பொண்ணுக்குச் சமைக்கத் தெரியுமான்னு கேப்பாவ. எனக்குச் சமைக்கத் தெரியும். அவுகளுக்குச் சம்மதமான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க," என்றார். அத்தைக்குச் சம்மதம்.

போன தை மாதம் அவர்கள் மகனுக்குக் கல்யாணம். அப்பாவுக்கு இப்போது காது மந்தம், குரல் மட்டும் பெரியது. பந்தியில் மாப்பிள்ளையின் நண்பர்களைப் பிடித்து உட்காரவைத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். "நான்தான் முன்வரிசைல நின்னேன். தைரியமாப் போம்மான்னு அனுப்பினேன். ஒரே புடி. அந்த ஃபாரின்காரி மல்லாக்க வுழுந்தா."

பாயசம் பரிமாற வந்த அத்தை வாளியைக் கீழே வைத்தாள். "அண்ணா, நீ அன்னிக்கு வேன் எடுத்துகினு போயிட்ட. நான் தோத்தேன்."

"தோத்தா இன்னா இப்ப? ஊரு ஜெயிச்ச மாரிதானே பேசிச்சு."

"ஊரு எப்படின்னா பேசட்டும். நல்லாத் தோத்தேன், குனிஞ்சு போனேன். அப்படியே சொல்லு. அண்ணி பேசினதையும் சொல்லு."

அப்பா அந்தப் பையன்களிடம் திரும்பினார். "கேட்டுக்கங்க. மொதல்ல அவ அண்ணி எழுந்து போனா. இது என் நாத்தனான்னா. சத்தம் வரல, திருப்பிச் சொன்னா..." அங்கிருந்து ஜன்னி, ஆந்திரா லோடு, மழை, பதினைந்து வயது என்று எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டு போனார். அன்று மைதானத்தில் இல்லாத மனிதர். வேனில் ஏறிய ஒவ்வொரு பெண்ணும் அவருக்கு அதைச் சொல்லியிருக்க வேண்டும். நாங்கள் யாரும் கேட்காமலேயே இத்தனை வருடமாக மனப்பாடமாக வைத்திருந்திருக்கிறார். "மாருக்கு மேல ஆறு ஓடுது," என்று கையைக் கழுத்துவரை தூக்கிக் காட்டினார்.

"ஆறு இல்லீங்க, ஓடை," என்றாள் பக்கத்து இலையிலிருந்து அம்மா.

"சரி, ஓடை," என்று அப்பா தொடர்ந்தார்.